இணைய நிறுவனம்தான் தடுக்கிறது என்று முடிவுகட்டும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஸ்சிடிபி போன்ற அதிகம் புழங்காத நெறிமுறையில் (கருவிகள் தரவைப் பரிமாறும் விதிமுறையில்) அனுப்பியது மறுமுனையை அடையாதபோது, பிங் (மறுமுனை பதிலளிக்கிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது, பதிலும் வருகிறது, ஆகவே பாதையில் தடை ஏதுமில்லை என்று எடுத்துக்கொள்வதிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. இணையத்தில் தரவு பாக்கெட் எனப்படும் சிறு துண்டுகளாகப் போகிறது. ஒவ்வொரு பாக்கெட்டின் ஐபி தலைப்பிலும் (முகவரிகளைத் தாங்கும் முன்பகுதியிலும்) அது எந்த நெறிமுறையைச் சேர்ந்தது என்று காட்டும் எண் ஒன்று இருக்கிறது: பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பிக்கு 1, வழக்கமாகத் தரவைச் சுமக்கும் டிசிபிக்கு 6, யுடிபிக்கு 17, அதே வேலைக்கான, ஆனால் அரிதான எஸ்சிடிபிக்கு 132. பாக்கெட்டுகளை வடிகட்டும் ஃபயர்வால்கள் இந்த எண்ணையும் பார்த்தே விடுவதா தடுப்பதா என்று முடிவு செய்வதால், 1 கடந்து போனது 132-க்கு உத்தரவாதம் ஆகாது.

இந்த எண்ணைப் போர்ட் எண்ணோடு (கருவிக்குள் எந்தச் செயலிக்கு உரியது என்று காட்டும் எண்ணோடு) குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. ஜிஆர்இ டனல் (ஒரு பாக்கெட்டை இன்னொன்றுக்குள் பொதிந்து அனுப்பும் வழி) வேலை செய்யவில்லை என்று ரவுட்டரில் டிசிபி 47-ஆம் போர்ட்டைத் திறந்துவைப்பார்கள். 47 என்பது ஜிஆர்இயின் நெறிமுறை எண். அதற்குப் போர்ட் என்பதே கிடையாது.

பாக்கெட் எங்கே விழுகிறது என்று பாராமலே பழியைச் சேவை நிறுவனத்தின் மேல் போடுவதுதான் நாள்கணக்கில் நேரத்தைத் தின்னும் தவறு. பல சமயம் காரணம் வீட்டு ரவுட்டரே. ஒரே பொது முகவரியைப் பல கருவிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் நாட், பெரும்பாலும் போர்ட் எண்களை வைத்தே எந்தப் பதில் யாருக்கு உரியது என்று பிரித்தறிகிறது. அறியாத நெறிமுறையில் பிடித்துக்கொள்ள ஒன்றும் அகப்படாதபோது பாக்கெட்டைக் கைவிட்டுவிடுகிறது. ரவுட்டரின் வெளிமுக முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான தொகுதியில் இருந்தால், நிறுவனத்துக்குள்ளும் இதே வேலையைச் செய்யும் இன்னொரு நாட் இருக்கிறது என்று பொருள். விளைவு ஒன்றேயானாலும், இயலாமையை வேண்டுமென்றே செய்த தடை என்று சொல்வது நியாயமாகாது. கணினியை நேரடியாக மோடத்தில் இணைத்து, அதிலும் எதிர்முனைச் சர்வரிலும் ஒரே நேரத்தில் பாக்கெட்டுகளைப் பதிவு செய்யும் டிசிபிடம்ப் கருவியை ஓடவிட்டுப் பாருங்கள். இங்கே வெளியேறிய பாக்கெட் அங்கே வந்து சேரவில்லை என்றால்தான் பாதையைச் சந்தேகிக்கலாம். அப்போதும் சர்வர் இருக்கும் தரவு மையத்தின் ஃபயர்வால் மிச்சமிருக்கிறது.

சிறிய பாக்கெட் போய்ப் பெரியது மட்டும் தொலைந்தால், பெரும்பாலும் அது அளவுச் சிக்கல்: டனலின் கூடுதல் தலைப்புகள் சேர்ந்து வழக்கமான 1500 பைட் வரம்பைத் தாண்டிவிடுகின்றன. டனல் அமைக்கும் மென்பொருளான வயர்கார்டு இயல்பாக 1420 பைட்டை வரம்பாக வைத்துக்கொள்வது இதனால்தான்.

புதிய நெறிமுறையை வடிவமைப்பவர்கள் அதை நேரடியாக ஐபியின் மேல் அமைத்துவிட்டு உலகம் வழிவிடும் என்று எதிர்பார்ப்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. நன்கு வடிவமைக்கப்பட்ட எஸ்சிடிபி 2000-ஆம் ஆண்டிலேயே வரையறுக்கப்பட்டும் பொது இணையத்தில் பரவவில்லை. இன்று உலாவிகள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேச உதவும் வெப்ஆர்டிசியின் தரவுத் தடங்களில் அது யுடிபிக்குள் பொதிந்தே பயணிக்கிறது. வலைத்தளங்களுக்கு உலாவிகள் பயன்படுத்தும், 2021-இல் தரப்படுத்தப்பட்ட குயிக் நெறிமுறை தொடக்கத்திலிருந்தே யுடிபியின் மேல்தான் நின்றது. யுடிபி தடுக்கப்படும் நெட்வொர்க்குகளும் இருப்பதால், உலாவிகள் டிசிபிக்குத் திரும்பும் வழியையும் வைத்திருக்கின்றன.

புகாரில் ‘இணையம் சரியில்லை’ என்று மட்டும் எழுதினால், ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லும் பதிலே வரும். நெறிமுறை எண், இருமுனை முகவரிகள், சோதித்த நேரம், இரண்டு பதிவுக் கோப்புகள் ஆகியவற்றை இணைத்து, ‘132-ஆம் நெறிமுறை உங்கள் எல்லைக்குள் தடுக்கப்படுகிறதா?’ என்று ஒரே கேள்வியாகக் கேட்டால், அது நெட்வொர்க் பொறியாளரின் பார்வைக்குப் போக வாய்ப்பு உண்டு.