அக்டோபர் பீரை ஆகஸ்டில் தொடங்காதீர்கள்: பருவ பீர் காய்ச்சுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த ஆகஸ்டில், மியூனிக்கில் எங்கள் வீட்டு நிலவறையில் நான் பீர் காய்ச்சும் இடத்தைப் பார்க்க ஓர் இளைஞர் வந்திருந்தார். திருச்சிக்காரர்; இங்கே படித்து இங்கேயே வேலையில் சேர்ந்தவர்; வெதுவெதுப்பில் விரைவாக நொதிக்கும் ஏல் வகை பீரை நான்கைந்து முறை காய்ச்சிக் கைப்பழக்கம் பெற்றவர். செப்டம்பர் 20 அன்று நண்பர்களுக்குக் கொடுப்பதற்காக, குளிரில் நொதித்து முதிரும் செம்பு நிற பீரான மேர்ட்சன் காய்ச்சப்போவதாகச் சொல்லித் தம் குறிப்பேட்டைக் காட்டினார். மால்ட் எனப்படும் முளைகட்டிய தானியத்தின் அளவும், கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் கூம்புகளின் அளவும், நொதிக்க வைக்கும் ஈஸ்டின் வகையும் சரியாகவே இருந்தன. காய்ச்சும் நாள் என்ற இடத்தில் ஆகஸ்ட் 9 என்று எழுதியிருந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் என் குறிப்பேட்டிலும் ஏறத்தாழ அதே தேதிதான் இருந்தது.

பாத்திரங்களைச் சுத்தமாக வைப்பது, வெப்பமானியைச் சரிபார்ப்பது போன்றவற்றை எந்தக் கையேடும் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடும். குறிப்பிட்ட பருவத்துக்கென்று காய்ச்சும் பீர்களில் நேரும் தவறுகளை மட்டுமே இங்கே எழுதுகிறேன். அவற்றில் ஒன்றைப் பற்றி நீளமாக எழுதப்போகிறேன், ஏனெனில் அதை மற்றவர்கள் செய்யக் காணும்போது இன்றும் எனக்குப் பொறுப்பதில்லை.

குடிக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணாமல் இருப்பது

மேர்ட்சன் என்றால் மார்ச் மாதத்து பீர் என்று பொருள். பவேரியாவில் 1553-இல் பிறப்பிக்கப்பட்ட ஆணை, செப்டம்பர் 29-இல் வரும் புனித மிக்கேல் திருநாள் முதல் ஏப்ரல் 23-இல் வரும் புனித ஜார்ஜ் திருநாள் வரை மட்டுமே பீர் காய்ச்ச அனுமதித்தது. கோடை வெப்பத்தில் நொதித்த பீர் புளித்துக் கெட்டதே இதற்கு முக்கியக் காரணம். எனவே மார்ச் மாதத்தில் சற்று வலுவான பீரைக் காய்ச்சி, ஆழமான நிலவறைகளில், குளிர்காலத்தில் குளங்களிலிருந்து வெட்டி எடுத்த பனிக்கட்டியின் குளிர்ச்சியில் அடுக்கி வைத்து, இலையுதிர் காலம் வரை சிறிது சிறிதாக எடுத்துக் குடித்தார்கள். அந்த நிலவறைகளின் மேல் நிழலுக்காக நட்ட செஸ்ட்நட் மரங்களின் கீழேதான் இன்றைய பீர்த் தோட்டங்கள் உருவாயின. 1870-களில் கார்ல் ஃபொன் லிண்டேயின் குளிர்பதன இயந்திரம் வந்ததும் காய்ச்சுபவர்கள் நாட்காட்டியிலிருந்து விடுபட்டார்கள். ஆனால் ஈஸ்டுக்குத் தேவையான காலம் அதனால் ஒரு நாள்கூடக் குறையவில்லை.

இதை நான் கற்றுக்கொண்டது 40 லிட்டர் பீரைச் சாக்கடையில் கொட்டிய பிறகுதான். ஆகஸ்ட் தொடக்கத்தில் காய்ச்சினேன். 10 டிகிரி செல்சியஸில் நொதிக்க வைத்தேன். பத்து நாட்களில், சர்க்கரை குறைவதைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் அளவு 1.056-இலிருந்து 1.012-க்கு இறங்கி, மறுநாளும் அங்கேயே நின்றது. நொதித்தல் முடிந்துவிட்டது என்று முடிவு செய்து, மிச்சமிருந்த நாட்கள் அனைத்தும் குளிரில் கழியட்டும் என்று அன்றே 1 டிகிரிக்குக் குளிர்வித்தேன். ஈஸ்ட் அடியில் படிந்தது. பீர் கண்ணாடிபோல் தெளிந்தது. கெக் என்னும் உலோகப் பீப்பாயில் நிரப்பியபோது சுவைத்துப் பார்த்தேன். குறை ஒன்றும் தெரியவில்லை. விருந்துக்கு இரண்டு நாள் முன்பே கெக்குகளை மண்டபத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே குளிர்சாதனப் பெட்டியில் இடம் இல்லாததால் அவை வெதுவெதுப்பான சரக்கறையில் நின்றன.

விருந்துக்கு வட பவேரியாவின் ஃபிராங்கோனியாவைச் சேர்ந்த முதியவர் ஒருவர் வந்திருந்தார்; மதுவாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோப்பையை மூக்கருகே கொண்டுபோனவர், வாயில் வைக்காமலே மேசையில் வைத்துவிட்டார். "வெண்ணெய்" என்று ஒரே ஒரு சொல்லைச் சொன்னார். பிறகு, "எப்போது குளிர வைத்தீர்கள்?" என்று கேட்டார். நான் முகர்ந்து பார்த்தேன். நெய் காய்ச்சும்போது வெண்ணெய் உருகத் தொடங்கியதும் அடுப்படியில் எழும் மணம் கோப்பையிலிருந்து எழுந்தது.

நடந்தது இதுதான். ஈஸ்ட் தனக்கு வேண்டிய வேலின் என்னும் அமினோ அமிலத்தைத் தயாரிக்கும்போது, ஆல்ஃபா அசிட்டோலாக்டேட் என்னும் பொருளைச் சிறிதளவு வெளியே விடுகிறது. அதற்கு மணமும் இல்லை, சுவையும் இல்லை. அது பீருக்குள் தானாகவே டையசெடைலாக மாறும்; சூட்டில் விரைவாகவும் குளிரில் மிக மெதுவாகவும் மாறும். வெண்ணெய் மணம் இந்த டையசெடைலின் மணம். ஒரு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் அளவில் இருந்தாலே பழகிய மூக்குக்குப் பிடிபட்டுவிடும். ஈஸ்ட் விழிப்புடன் மிதந்துகொண்டிருந்தால் இந்த டையசெடைலைத் திரும்ப உள்ளே இழுத்து, மணமற்ற பொருளாக மாற்றிவிடும். நான் அவசரப்பட்டுக் குளிர்வித்ததால், மாற வேண்டிய பொருள் மாறாமல் பீரிலேயே தங்கிவிட்டது. துப்புரவு செய்ய வேண்டிய ஈஸ்ட் அடியில் படிந்துவிட்டது. சரக்கறையின் சூட்டில் இரண்டே நாளில் அந்தப் பொருள் டையசெடைலாக மாறியபோது, அதை எடுத்துக்கொள்ள அங்கே போதிய ஈஸ்ட் இல்லை. கெக்கில் நிரப்பிய அன்று குறை தெரியாமல் போனதற்கும் இதுவே காரணம்.

ஆகவே நொதித்தல் முக்கால் பங்கு முடிந்ததும் வெப்பத்தை 16 அல்லது 17 டிகிரிக்கு உயர்த்தி, குறைந்தது மூன்று நாட்கள் விடுங்கள். அதன் பிறகும் நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்; முகர்ந்து பார்த்து முடிவு செய்யுங்கள். இரண்டு கண்ணாடிக் குவளைகளில் சிறிது பீர் எடுத்து, இரண்டையும் அலுமினியத் தாளால் மூடி, ஒன்றை மட்டும் 65 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் நிறுத்துங்கள். பிறகு அதை ஆற வைத்து, இரண்டையும் ஒரே வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, ஒன்றன்பின் ஒன்றாக முகருங்கள். சூடாக்கிய குவளையில் வெண்ணெய் மணம் வந்தால் ஈஸ்டின் வேலை முடியவில்லை. இரண்டு நாள் கழித்து மீண்டும் பாருங்கள். இரண்டிலும் மணம் இல்லாவிட்டால் மட்டுமே குளிர்விக்கத் தொடங்குங்கள்.

நொதித்தலுக்கு மூன்று வாரம், 0 முதல் 2 டிகிரி குளிரில் முதிர்வதற்கு ஆறு முதல் எட்டு வாரம் என்று கணக்கிட்டுப் பின்னோக்கி எண்ணினால், செப்டம்பர் 20-க்கான மேர்ட்சனை ஜூலை இரண்டாம் வாரத்துக்குப் பிறகு தொடங்கக் கூடாது. ஜூன் இறுதியிலேயே தொடங்குவது நல்லது. திருச்சி இளைஞரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. அந்த நாட்களில் நன்றாக முடியக்கூடிய வைஸ்பியரைக் காய்ச்சச் சொன்னேன். கோதுமை மால்ட்டால் ஆன அந்த பீர், நான்கு வாரத்தில் குடிக்கத் தயாராகி, புதிதாக இருக்கும்போதே மிகச் சுவையாக இருப்பது. அவரும் அதையே காய்ச்சினார்.

லாகருக்கு ஒரு பொட்டலம் ஈஸ்ட்

மேர்ட்சன் போன்று குளிரில் நொதிக்கும் பீர்களே லாகர். 20 லிட்டருக்கு 11.5 கிராம் பொட்டலம் இரண்டு. குறைக்காதீர்கள்.

கூடாரத்து பீரும் மேர்ட்சனும் ஒன்று என்று எண்ணுவது

மியூனிக்கின் பீர்த் திருவிழாவான அக்டோபர்ஃபெஸ்ட் 1810-இல் பட்டத்து இளவரசர் லூட்விக்கின் திருமணத்தையொட்டித் தொடங்கியது. மேர்ட்சனின் செம்பு நிறம் அங்கே நிலைபெற்றது 1872-க்குப் பிறகுதான். இன்று மியூனிக்கின் ஆறு ஆலைகள் கூடாரங்களில் ஊற்றுவது பொன்னிறமான, குடிக்க இலேசான, ஆனால் ஏறத்தாழ 6 சதவீத வலுவுடைய பீர். அமெரிக்கச் சிற்றாலைகள் பலவும் இலையுதிர் காலத்தில் வெளியிடுவது பழைய செம்பு நிற மேர்ட்சனை. இரண்டும் நல்லவை, எதைக் காய்ச்சுகிறோம் என்பதை மால்ட் வாங்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

செம்பு நிறம் வேண்டும் என்பதற்காகக் கேரமல் மால்ட்டை அள்ளிக் கொட்டுபவர்கள், இரண்டாம் கோப்பை இறங்காத பாகு போன்ற பீரையே பெறுகிறார்கள். நிறமும் ரொட்டி மேலோட்டின் சுவையும் மியூனிக் மால்ட்டிலிருந்து வர வேண்டும்; முடிவில் நாக்கில் இனிப்பு தங்கக் கூடாது.

டோப்பல்பாக்கைத் தவக்காலத்துக்குச் சற்று முன் தொடங்குவது

தவக்காலத்தில் குடிக்கும் வலுவான லாகர் இது. அக்டோபரில் தொடங்குங்கள்.

சேசோனை முடிவதற்குள் புட்டியில் அடைப்பது

பெல்ஜியத்தின் வலோனியாப் பண்ணைகளில், குளிர்காலத்தில் காய்ச்சிக் கோடையில் வயல் வேலையாட்களுக்குக் கொடுத்த பீரின் வழிவந்தது சேசோன். அதற்குரிய ஈஸ்ட் வகைகளில் பல, மற்ற ஈஸ்டுகள் தொடாமல் விடும் டெக்ஸ்ட்ரின் என்னும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளையும் மெல்ல மெல்ல வெட்டித் தின்பவை. 1.012-இல் ஒரு வாரம் நின்றதுபோல் தோன்றி, மீண்டும் 1.004 வரை இறங்கும். இடையில் அடைத்த புட்டி வெடிக்கும். என் நண்பர் வீட்டுச் சுவரில் கண்ணாடித் துண்டு பதிந்திருந்ததை நானே பார்த்தேன். ஹைட்ரோமீட்டர் அளவு மூன்று வாரம் அசையாமல் நின்றால் மட்டுமே அடையுங்கள். சேசோனுக்குப் பயன்படுத்திய இரப்பர்க் குழாயில் இந்த ஈஸ்ட் ஒட்டியிருக்கும் என்பதால், அதை மேர்ட்சனுக்குப் பயன்படுத்தவே கூடாது.

பூசணி பீரில் மசாலாவை வேகவைப்பது

இலையுதிர் காலப் பூசணி பீர்களில் நாம் உணர்வது பெரும்பாலும் பட்டை, ஜாதிக்காய், லவங்கம் ஆகியவற்றின் மணமே. பூசணிக்குத் தனிச் சுவை அதிகம் இல்லை. பிரியாணியில் கொழுப்பும் இறைச்சியும் அடக்கிவைக்கும் லவங்கம், பீரில் அடங்காது. நம் சமையலறைக் கைக்கணக்கை இங்கே நம்ப வேண்டாம். மசாலாவை வோட்காவில் ஒரு வாரம் ஊறவைத்து வடிகட்டி, முடிந்த பீரில் சொட்டுச் சொட்டாகக் கலந்து சுவை பாருங்கள்.

சுங்க விதிகளைப் பார்க்காமல் காய்ச்சுவது

ஜெர்மனியில் முன்பு சுங்க அலுவலகத்துக்கு முன்கூட்டியே தெரிவித்தாக வேண்டியிருந்தது; இன்றைய விதியைப் பாருங்கள். காய்ச்சியதை விற்கக் கூடாது.

ஈர ஹாப்ஸை மறுநாளுக்கு வைப்பது

ஆகஸ்ட் இறுதியில், பவேரியாவில் ஹாப்ஸ் விளையும் ஹாலர்டாவ் பகுதியின் தோட்டங்களில் அறுவடை தொடங்கும். உலர்த்தாத கூம்புகளை அப்படியே போட்டுக் காய்ச்சும் பீரை ஆண்டில் அந்தச் சில வாரங்களில் மட்டுமே செய்ய முடியும். பறித்த கூம்பின் எடையில் பெரும்பகுதி தண்ணீர். அதனால் உலர்ந்த ஹாப்ஸைப்போல் ஐந்து மடங்கு எடை வேண்டும். ஒருமுறை காலையில் பறித்த மூட்டையை மாலையில் திறந்து கையை உள்ளே விட்டேன். நடுவில் வெதுவெதுப்பாக இருந்தது, வைக்கோல் மக்கும் வாடையும் எழத் தொடங்கியிருந்தது. இப்போதெல்லாம் மால்ட் ஊறலை ஒரு கூட்டாளியிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் தோட்டத்துக்குக் கிளம்புகிறேன். நான் மூட்டையுடன் திரும்பும்போது பெரிய பாத்திரத்தில் சாறு கொதித்துக்கொண்டிருக்கும்.