எடையைக் குறைக்கும் முன் இரண்டு வாரம் அளந்து பாருங்கள்

உடல் எடையைக் குறைத்தே ஆக வேண்டும் என்று முடிவெடுத்த அன்றே பலரும் இரவு உணவை நிறுத்திவிட்டு, மறுநாள் விடியற்காலையில் ஓடக் கிளம்பிவிடுகிறார்கள். மூன்றாவது வாரத்தில் முழங்கால் வலியும் அடங்காத பசியும் சேர்ந்துகொள்ள, ஓட்டமும் நின்றுபோகிறது, பட்டினியும் நின்றுபோகிறது. நானும் முதல் முறை அப்படித்தான் தொடங்கி, இருபது நாளில் காலுக்கு ஐஸ் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தவன். ஆகவே நான் சொல்லும் முதல் படி சற்று விசித்திரமாகத் தோன்றலாம்: முதல் 14 நாட்கள் உணவிலும் உழைப்பிலும் எதையும் மாற்றாதீர்கள், அளந்து எழுதி மட்டும் வையுங்கள்.

இதற்குக் காரணம் உண்டு. எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்று முறையிட்டவர்களை அமெரிக்க ஆய்வாளர்கள் நேரடியாக அளந்து பார்த்து, 1992ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். அவர்களுடைய உடல் ஆற்றலைச் செலவழிக்கும் வேகத்தில் எந்தக் குறையும் இல்லை. தாங்கள் சாப்பிட்டதை ஏறக்குறைய பாதியளவு குறைத்தும், செய்த உடலுழைப்பை ஒன்றரை மடங்கு கூட்டியும் சொல்லியிருந்தார்கள் என்பதே தெரியவந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. கண்ணளவுக் கணக்கு யாருக்குமே இப்படித்தான் பிசகும்.

அளப்பதற்கு ஒரு சமையலறைத் தராசு, ஒரு தேக்கரண்டி, ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு தையல் டேப் ஆகியவை போதும். எடுத்துக்காட்டாக எண்ணெயைப் பாருங்கள். 15 மில்லி கொள்ளும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி இருக்கிறது. சமைப்பதற்கு முன் எண்ணெய்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொண்டு, வழக்கம்போலவே வாணலியில் சாய்த்து ஊற்றி, மீண்டும் தராசில் வைத்துப் பாருங்கள். ஒரு கரண்டி ஊற்றியதாக நினைத்த இடத்தில் மூன்று கரண்டி குறைந்திருப்பதைப் பார்த்துத் திகைத்தவர்கள் அநேகர். உருசி பார்த்த வாய்கள், குழந்தையின் தட்டில் மிஞ்சியது, பானத்தில் கலந்த சர்க்கரை, வேலைக்கு நடுவே கொறித்தது என எல்லாவற்றையும் சாப்பிட்டவுடனேயே எழுதிவிடுங்கள். இரவில் நினைவிலிருந்து எழுதினால் பாதி விட்டுப்போகும்.

எடையைக் காலையில் கழிவறைக்குச் சென்று வந்த பிறகு, எதையும் உண்பதற்கு முன்பு, ஒரே கருவியில் பாருங்கள். ஒரு நாளைக்கும் மறுநாளைக்கும் இடையே ஒரு கிலோ ஏறி இறங்குவது இயல்பு. உப்பு கூடினால் நீர் தேங்கும். மலச்சிக்கல் இருந்தால் எடை கூடும். பெண்களுக்கு மாதவிடாய்ச் சுழற்சியைப் பொறுத்தும் மாறும். தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படும் கிளைகோஜென் என்ற மாவுச்சத்து ஒவ்வொரு கிராமுக்கும் ஏறக்குறைய 3 கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கிறது. உணவைக் கடுமையாகக் குறைத்த முதல் வாரத்தில் மளமளவென்று எடை இறங்குவதற்கும், ஒரு விருந்து முடிந்ததும் அது திரும்பி ஏறுவதற்கும் இந்த நீரே பெரும்பாலும் காரணம். எனவே ஒரு நாளின் எண்ணைப் பொருட்படுத்தாமல், ஏழு நாள் சராசரியை மட்டும் முந்தைய வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். வாரம் ஒரு முறை, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் வயிற்றுச் சுற்றளவையும் அளந்துகொள்ளுங்கள். வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு டேப் பிடிப்பவர் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறார். அந்தச் சுற்றளவு உயரத்தில் பாதிக்கும் குறைவாக இருப்பது நல்ல இலக்கு.

இந்த இரண்டு வாரங்களிலேயே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டியவர்களும் இருக்கிறார்கள். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் உணவைக் குறைக்கும்போது இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். இரத்த அழுத்த மருந்தின் அளவையும் எடை இறங்க இறங்க மாற்ற வேண்டிவரலாம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், உண்பது தொடர்பான மனநலச் சிக்கல் இருந்தவர்கள், நடந்தால் நெஞ்சு வலிப்பவர்கள் ஆகியோர் மருத்துவரின் ஆலோசனை இல்லாமல் பின்வரும் கணக்கைத் தமக்குப் பொருத்திக்கொள்ளக் கூடாது.

இனி கணக்குக்கு வருவோம். உடல் ஓய்வில் இருக்கும்போது ஒரு நாளைக்குச் செலவாகும் ஆற்றலை மதிப்பிட, 1990இல் வெளிவந்த மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சமன்பாடு இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. எடையைக் கிலோவில் எடுத்து 10ஆல் பெருக்குங்கள். உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து 6.25ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5ஆல் பெருக்கிக் கழியுங்கள். ஆணாக இருந்தால் 5ஐக் கூட்டுங்கள், பெண்ணாக இருந்தால் 161ஐக் கழியுங்கள். 82 கிலோ எடையும் 168 சென்டிமீட்டர் உயரமும் உள்ள 40 வயது ஆணுக்கு இது 1,675 கலோரி ஆகும். பெரும்பாலும் உட்கார்ந்தே வேலை பார்ப்பவர் இதை 1.4ஆல் பெருக்கினால், அன்றாடத் தேவை ஏறக்குறைய 2,345 கலோரி என்று கிடைக்கும். இதுவும் ஒரு மதிப்பீடுதான். எடை ஏறாமலும் இறங்காமலும் இருந்த அந்த இரண்டு வாரங்களில் நீங்கள் எழுதி வைத்த உணவின் தினசரிச் சராசரியே உங்களுக்குரிய மெய்யான எண். சமன்பாட்டுக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் பெரிய இடைவெளி இருந்தால், முதலில் எழுதியதில் எது விட்டுப்போயிற்று என்று தேடுங்கள்.

ஒரு கிலோ உடற்கொழுப்பு சுமார் 7,700 கலோரிக்குச் சமம். ஆகவே தேவையிலிருந்து நாளொன்றுக்கு 500 கலோரியைக் குறைத்தால், ஏறக்குறைய 15 நாளில் ஒரு கிலோ கொழுப்பு கரையும். மாதத்துக்கு இரண்டு கிலோ என்பது விளம்பரங்கள் காட்டும் வேகத்தோடு ஒப்பிட்டால் சோர்வளிக்கலாம். ஆனால் மிக வேகமாக எடை இழப்பவர்களுக்குப் பித்தப்பைக் கற்கள் உருவாகும் அபாயம் கூடுகிறது, கொழுப்போடு தசையும் அதிகமாகக் கரைகிறது. வாரத்துக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை என்ற வேகத்தைத் தாண்ட வேண்டாம்.

கரையும் கொழுப்பு எங்கே போகிறது என்று கேட்டால், வியர்வையாகப் போகிறது என்றே பலரும் சொல்வார்கள். 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த கணக்கீட்டின்படி, 10 கிலோ கொழுப்பு உடலில் எரிந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சு வழியே வெளியேறுகிறது, எஞ்சிய 1.6 கிலோதான் நீராகிறது. பிளாஸ்டிக் உறையைச் சுற்றிக்கொண்டு வியர்க்க வியர்க்க ஓடுவதால் குறைவது நீரே. ஒரு செம்புத் தண்ணீரில் அது திரும்பிவிடும். வயிற்றுக்கு மட்டும் பயிற்சி செய்து வயிற்றுக் கொழுப்பை மட்டும் கரைக்கலாம் என்பதும் அதே வகை நம்பிக்கைதான். பயிற்சியால் அங்குள்ள தசை வலுவாகும். கொழுப்பை எங்கிருந்து எடுப்பது என்பதை உடல்தான் தீர்மானிக்கிறது.

அந்த 500 கலோரியை எங்கே குறைப்பது என்பதற்கான விடை உங்கள் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. அதிகக் கலோரி கொடுத்தும் வயிற்றை நிரப்பாத மூன்று பொருட்களை அதில் வட்டமிடுங்கள். பெரும்பாலும் அவை எண்ணெய், இனிப்பூட்டிய பானம், பொட்டலத்தில் வரும் நொறுக்குத் தீனி ஆகியவையாகவே இருக்கும். முதல் மாதத்தில் இவற்றில் மட்டும் கை வையுங்கள். 2019இல் அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை ஆய்வு மையத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவையும் இரண்டு வாரம் அப்படிப் பதப்படுத்தாத உணவையும் வேண்டிய அளவுக்குக் கொடுத்தபோது, முந்தைய வகையை உண்ட நாட்களில் அவர்கள் தினமும் ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். மனவுறுதியை மட்டும் நம்பாமல், வீட்டுக்குள் எது வருகிறது என்பதைக் கவனிப்பது எளிது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

குறைப்பதைப் போலவே கூட்ட வேண்டியவையும் உண்டு. பசியை அடக்குவதிலும் தசையைக் காப்பதிலும் புரதத்துக்கு ஈடில்லை. சிறுநீரக நோய் இல்லாதவர்கள், எடை குறைக்கும் காலத்தில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 1.6 கிராம் வரை எடுத்துக்கொள்ளலாம். இதைப் பருப்பு, பயறு, முட்டை, பால், மீன், இறைச்சி ஆகியவற்றில் தமக்கு ஒத்துக்கொள்வதிலிருந்து மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்வது நல்லது. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு புரதம், கால் பங்கு தானியம் என்ற அளவு, ஒவ்வொரு வேளையும் தராசைத் தேட வேண்டிய தொல்லையைக் குறைக்கும். மாவுச்சத்தைக் குறைப்பதா, கொழுப்பைக் குறைப்பதா, நாளில் எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிப்பதா என்ற சர்ச்சையில் நான் பக்கம் சேரப் போவதில்லை. மொத்தக் கலோரி குறைந்தால் இவை எல்லாமே பலன் தருகின்றன. அடுத்த ஆண்டும் உங்களால் கடைப்பிடிக்க முடியும் என்று தோன்றுவதைத் தேர்ந்தெடுங்கள்.

உடற்பயிற்சியைப் பற்றி ஒரு கசப்பான உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 82 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால், சும்மா உட்கார்ந்திருப்பதைவிடக் கூடுதலாகச் செலவாவது ஏறக்குறைய 200 கலோரிதான். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய்க்குக்கூட அது ஈடாகாது. எடையை இறக்குவதில் பெரும்பங்கு உணவுடையதே. ஆனால் பயிற்சி இல்லாமல் உணவை மட்டும் குறைப்பவர் கொழுப்போடு தசையையும் இழந்து, மெலிந்தும் வலுவில்லாமல் போகிறார்; இறங்கிய எடையைத் தக்கவைப்பதும் அவருக்குக் கடினமாகிறது. இதயம், இரத்தச் சர்க்கரை, தூக்கம், மனநிலை ஆகியவற்றுக்குப் பயிற்சி செய்யும் நன்மை, எடை ஒரு கிராம்கூடக் குறையாவிட்டாலும் கிடைக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பையும், இரண்டு நாட்களாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே மிதமான வேகம். நாளொன்றுக்கு 10,000 அடிகள் என்ற புகழ்பெற்ற இலக்கு, 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து பரவியது. மருத்துவ ஆய்வில் பிறந்ததன்று. அந்த இரண்டு வாரத்தில் உங்கள் சராசரி 3,500 அடி என்று தெரியவந்தால், அடுத்த மாதத்துக்கு 5,000 போதும். ஓட்டம் வேண்டுமென்றால், அரை மணி நேர விறுவிறு நடை சிரமமின்றி வந்த பிறகு, ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடப்பது என்று தொடங்குங்கள்.

வலுப் பயிற்சிக்கு ஜிம் கட்டாயமில்லை. சுவரை ஒட்டிப் போட்ட, ஆடாத நாற்காலியின் விளிம்பில் உட்காருங்கள். பாதங்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, குதிகால் தரையை விட்டு எழாமல், கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு எழுந்து நில்லுங்கள். பிறகு தொப்பென்று விழாமல், மூன்று எண்ணும் நேரம் எடுத்துக்கொண்டு இறங்கி உட்காருங்கள். இறங்கும்போது முழங்கால்கள் உள்பக்கம் சாய்கின்றனவா என்று கவனியுங்கள்; சாய்ந்தால் இருக்கையில் ஒரு தலையணையை வைத்து உயர்த்திக்கொள்ளுங்கள். 8 முறை செய்வதே கடினமாக இருக்கும் நிலையில் தொடங்கி, 12 முறை எளிதாகிவிட்ட நாளில் கையில் ஓர் எடையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தண்டாலையும் இதே போல் முதலில் சுவரில், பின்பு மேசை விளிம்பில், கடைசியாகத் தரையில் எடுக்கலாம். இவற்றோடு எடையைத் தன் பக்கம் இழுக்கும் பயிற்சி ஒன்றைச் சேர்த்து, ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று சுற்று செய்தால் அரை மணி நேரம்கூட ஆகாது. இரு பயிற்சி நாட்களுக்கு நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள். தசை வலிப்பது இயல்பு. மூட்டில் சுருக்கென்று வலித்தால் அன்றோடு நிறுத்திவிடுங்கள்.

தூக்கத்தை யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. 2010இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், ஒரே அளவு குறைந்த உணவை உண்ட 10 பேர் இரவில் எட்டரை மணி நேரம் படுக்கையில் இருந்த காலத்தோடு ஒப்பிட, ஐந்தரை மணி நேரம் மட்டும் இருந்த காலத்தில் கொழுப்பை ஏறக்குறைய பாதியளவே இழந்தார்கள். அந்த இடத்தைத் தசை இழப்பு நிரப்பியது.

சில மாதங்களில் எடை ஓரிடத்தில் நின்றுவிடும். மேலே சொன்னவர் 74 கிலோவுக்கு வந்ததும் சமன்பாட்டின்படியே அவருடைய அன்றாடத் தேவை 112 கலோரி குறைந்திருக்கும். உடல் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் சிக்கனம் பிடிக்கும். இதற்குள் கரண்டியால் அளந்த கை மீண்டும் சாய்த்து ஊற்றப் பழகியிருக்கும். மூன்று வாரச் சராசரி அசையாவிட்டால், புதிய எடையை வைத்துக் கணக்கைத் திரும்பப் போட்டு, ஒரு வாரம் முழுவதும் தராசில் வைத்து உண்ணுங்கள். வயிற்றுச் சுற்றளவு மட்டும் குறைந்துகொண்டிருந்தால் எதையும் மாற்ற வேண்டாம்.

இலக்கை எட்டியபின் கலோரியை வாரத்துக்கு 100 என்ற அளவில் கூட்டி, எடை நிலைக்கும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1994இல் தொடங்கப்பட்ட தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில், குறைந்தது 13.6 கிலோ இழந்து ஓராண்டாவது அதைத் தக்கவைத்தவர்களே சேர முடியும். அவர்களில் பெரும்பாலோர் வாரம் ஒரு முறையாவது எடை பார்ப்பவர்கள், சராசரியாக நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் உடலுழைப்பு உள்ளவர்கள். நீங்களும் நிலைத்த எடைக்கு இரண்டு கிலோ மேலே ஓர் எல்லையைக் குறித்து, நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். வாரச் சராசரி அந்த எண்ணைத் தாண்டும் நாளில், தராசையும் கரண்டியையும் எடுத்து மீண்டும் 14 நாட்கள் அளக்கத் தொடங்குங்கள்.