எல்என்ஜி முன்னோட்ட அறிக்கையைப் படிப்பது எப்படி: எரிவாயு வாங்கும் மேசையிலிருந்து

நான் ஒரு உர ஆலைக்கு எரிவாயு வாங்கும் பிரிவில் வேலை செய்கிறேன். அம்மோனியாவுக்கு எரிவாயுதான் மூலப்பொருள். அதனால் ஆண்டுதோறும் எல்என்ஜி, அதாவது குளிர்வித்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயு, பற்றிய முன்னோட்ட அறிக்கைகள் வர ஆரம்பித்ததும் மேலிடத்திலிருந்து ஒரே கேள்வி வரும்: "விலை ஏறுமா, இறங்குமா?" அறிக்கையில் அதற்கு நேரான பதில் இருக்காது. பளபளப்பான ஒரு படம் இருக்கும். கீழே வழங்கல் பட்டைகள், மேலே தேவைக் கோடு, நடுவில் நிழல் போட்ட ஓர் இடைவெளி. கோடு மேலே போனால் பற்றாக்குறை, பட்டை மேலே போனால் தேக்கம் என்று எழுதியிருப்பார்கள்.

அந்த இடைவெளியை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். நிஜத்தில் அப்படி ஒன்று வருவதே இல்லை. ஏற்றிய சரக்கு எங்கேயாவது ஒரு துறைமுகத்தில் இறங்கித்தான் ஆகவேண்டும். ஏற்றாத சரக்கை யாரும் எரிக்க முடியாது. இரண்டையும் விலைதான் சமமாக்குகிறது. ஆகவே அறிக்கையிடம் கேட்கவேண்டியது, "எந்த விலையில், யார் விட்டுக்கொடுத்து இது சமமாகப்போகிறது?" என்பதை. கீழே சொல்வதெல்லாம் அதைக் கண்டுபிடிக்க நான் செய்யும் வேலை.

முதலில் அலகுகள்

இதில் சலிப்புப் பட்டால் மீதி எல்லாம் தப்பாகும். ஒரு நிறுவனம் டன்னில் எழுதும், இன்னொன்று பிசிஎம்மில், அமெரிக்கர்கள் ஒரு நாளைக்கு இத்தனை பிசிஎஃப் என்பார்கள். எரிவாயுவை மைனஸ் 162 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்தால் அதன் கன அளவு சுமார் 600-இல் ஒரு பங்காகச் சுருங்கும். அதனால் திரவத்தின் கன மீட்டரும் வாயுவின் கன மீட்டரும் முற்றிலும் வேறு. எந்தக் கன மீட்டர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் எண்கள் இவை. 10 லட்சம் டன் எல்என்ஜி சுமார் 1.36 பிசிஎம் வாயு. பிசிஎம் என்றால் 100 கோடி கன மீட்டர். பிசிஎஃப் என்றால் 100 கோடி கன அடி. நாளொன்றுக்கு ஒரு பிசிஎஃப் என்பது ஆண்டுக்கு ஏறத்தாழ 76 லட்சம் டன். ஒரு டன் சுமார் 52 எம்எம்பிடியு. எம்எம்பிடியு என்பது எரிவாயுவுக்கு விலை பேசும் வெப்ப அலகு, 10 லட்சம் பிடியு. ஐரோப்பிய விலை ஒரு மெகாவாட் மணிக்கு இத்தனை யூரோ என்று வரும். அதை 3.41-ஆல் வகுத்து, யூரோவை டாலராக்கினால் நமக்குப் பழகிய எம்எம்பிடியு விலை கிடைக்கும். அளவுகோலுக்கு ஒன்று: 2024-இல் உலகம் முழுவதும் கைமாறிய எல்என்ஜி சுமார் 40 கோடி டன்னைக் கொஞ்சம் தாண்டியது. இனி எந்த எண் கண்ணில் பட்டாலும் இந்த 40 கோடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பெரியதா சிறியதா என்று உடனே தெரியும்.

வழங்கலை ஆலை ஆலையாக எண்ணுங்கள்

இங்கேதான் நான் அதிக நேரம் செலவிடுவேன். காரணம், அடுத்த நான்கைந்து வருட வழங்கல் இப்போதே கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு திரவமாக்கும் ஆலைக்கு எஃப்ஐடி, அதாவது இறுதி முதலீட்டு முடிவு, எடுத்தபிறகு முதல் கப்பல் கிளம்பப் பொதுவாக நான்கைந்து ஆண்டுகள் ஆகும். இன்னும் எஃப்ஐடி எடுக்காத திட்டம் எவ்வளவு அழகான படத்தோடு வந்தாலும் நான் அதற்கு எழுதும் எண் பூஜ்யம். புரிந்துணர்வு ஒப்பந்தம், கைகுலுக்கும் புகைப்படம், அமைச்சர் வருகை எல்லாம் எஃப்ஐடி ஆகாது.

ஒரு எக்செல் தாள் திறந்து ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு வரி கொடுங்கள். கொள்ளளவு, எஃப்ஐடி தேதி, அவர்கள் சொன்ன முதல் சரக்குத் தேதி, நீங்கள் நம்பும் தேதி. கடைசிப் பத்தியை நிரப்பப் பழைய கதைகள் தெரிந்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் கார்கன் 2009-இல் எஃப்ஐடி எடுத்து, செலவு எகிறி, 2016-இல்தான் முதல் சரக்கை அனுப்பியது. அமெரிக்காவின் கோல்டன் பாஸ் 2019-இல் முடிவெடுத்தது, கட்டிக்கொண்டிருந்த முக்கிய ஒப்பந்ததாரர் 2024-இல் திவால் மனு போட்டார், தேதி தள்ளிப்போனது. மொசாம்பிக்கில் டோட்டல் எனர்ஜிஸ் 2019-இல் முடிவெடுத்த திட்டம், 2021-இல் பால்மா நகரத்தின் மேல் நடந்த தாக்குதலுக்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் நின்றது. ரஷ்யாவின் ஆர்க்டிக் எல்என்ஜி 2-க்கு வந்தது வேறு வகைத் தடை. ஆலை எழுந்து நின்றது, 2023 நவம்பரில் அமெரிக்கா தடைப்பட்டியலில் சேர்த்ததும் நீண்ட காலத்துக்குச் சரக்கை வாங்க ஆள் இல்லாமல் போனது.

தாமதம் மட்டுமே விதி என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். லூசியானாவின் கால்கசியூ பாஸ் 2019 ஆகஸ்டில் எஃப்ஐடி எடுத்து 2022 ஜனவரியில் உற்பத்தியைத் தொடங்கிவிட்டது. அதே நிறுவனத்தின் பிளாக்மின்ஸ் 2022 மே மாதம் முடிவெடுத்து 2024 டிசம்பரில் முதல் சரக்கை அனுப்பியது. தொழிற்சாலையில் செய்த சின்னச் சின்ன யூனிட்டுகளைக் கொண்டுவந்து வரிசையாகப் பொருத்தும் முறை அது. ஆகவே எல்லாத் திட்டத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வருடம் தள்ளிப்போடுவது சோம்பேறிக் கணக்கு. யார் கட்டுகிறார்கள், எந்த முறையில், எந்த ஊரில் என்று பார்த்துத்தான் தள்ளவேண்டும்.

பெரிய படம் இதுதான்: சர்வதேச எரிசக்தி முகமை தன் 2025 அறிக்கையில், 2030-க்குள் ஆண்டுக்குச் சுமார் 300 பிசிஎம் புதிய ஏற்றுமதிக் கொள்ளளவு வரவிருப்பதாகச் சொன்னது. சுவரில் ஒட்டியதை வைத்து மாற்றுங்கள்: 22 கோடி டன். இன்றைய வணிகத்தில் பாதிக்கும் மேல்! இதில் பெரும்பங்கு அமெரிக்காவும் கத்தாரும். கத்தார் ஆண்டுக்கு 7.7 கோடி டன்னாக இருந்த தன் கொள்ளளவை 2030-க்குள் 14.2 கோடி டன்னாக்கப்போவதாக 2024-இல் அறிவித்தது.

இங்கே ஒரு பக்கவாட்டுக் கேள்வி. பழைய ஆலைகள் என்ன ஆகின்றன? பல அறிக்கைகளில் இருக்கும் ஆலைகளை நேராக ஒரு பட்டை போட்டுக் கடைசிவரை இழுத்துவிடுவார்கள். டிரினிடாடில் எரிவாயு போதாமல் நான்கு யூனிட்டுகளில் ஒன்று 2020-இலிருந்தே மூடிக் கிடக்கிறது. எகிப்து 2015-இல் சோர் என்ற பெரிய வயலைக் கண்டுபிடித்து ஏற்றுமதிக்குத் திரும்பியது, 2024-இல் மறுபடி இறக்குமதி செய்யும் நாடாகிவிட்டது. வயல் வற்றும், உள்நாட்டுத் தேவை கூடும். படத்தின் அடியில் இருக்கும் பட்டை மெல்ல இளைக்கவில்லை என்றால் அதை நீங்களே பென்சிலால் இளைக்க வையுங்கள்.

தேவையை ஒற்றை எண்ணாகப் படிக்காதீர்கள்

"2040-இல் தேவை இவ்வளவு" என்ற வாக்கியம் எனக்குக் கோபத்தைத்தான் வரவைக்கும். என்ன விலைக்கு? கல்யாண வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று கேட்பதல்ல இது. விலைப்பலகையைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் உள்ளே வருவார்கள் என்ற கேள்வி.

நான் வாங்குபவர்களை மூன்று கூட்டமாகப் பிரிப்பேன். ஜப்பான், தென்கொரியா, தைவான் ஆகியவற்றுக்குக் குழாய் வழி கிடையாது, விலை ஏறினாலும் வாங்குவார்கள். ஆனால் வளர்ச்சியை அங்கே தேடாதீர்கள். ஃபுகுஷிமாவுக்குப் பிறகு 2014 வாக்கில் 8.8 கோடி டன்னை எட்டிய ஜப்பானின் இறக்குமதி, அணு உலைகளும் சூரிய மின்சாரமும் திரும்பத் திரும்ப இடம் பிடித்ததில் 2024-இல் 6.6 கோடி டன் அளவுக்கு இறங்கிவிட்டது. இரண்டாவது கூட்டம் ஐரோப்பா. சேமிப்புக் கிடங்கும் டெர்மினலும் பணமும் இருப்பதால் மிஞ்சியதை உறிஞ்சவும், குறைந்தால் போட்டிக்கு வந்து பிடுங்கவும் முடியும். மூன்றாவது கூட்டம் தெற்காசியா போன்ற விலை பார்த்து வாங்குவோர். சீனா? இரண்டாவது, மூன்றாவது கூட்டம் இரண்டிலும் ஒவ்வொரு கால். சொந்த உற்பத்தி, மத்திய ஆசியக் குழாய், ரஷ்யக் குழாய், நிலக்கரி என்று மாற்று வழிகள் இருப்பதால், விலை கூடினால் எல்என்ஜியைத்தான் முதலில் குறைப்பார்கள்.

2022-ஐ எடுத்துப் பார்த்தால் இந்தப் பிரிவினை விளங்கும். ரஷ்யக் குழாய் வாயு அறுந்ததும் ஐரோப்பாவின் எல்என்ஜி இறக்குமதி ஒரே வருடத்தில் சுமார் 60 சதவீதம் ஏறியது. உலக வழங்கல் அந்த வருடம் ஏறியதோ ஐந்து சதவீதத்தை ஒட்டித்தான். மீதி எங்கிருந்து வந்தது? சீனா ஏறத்தாழ 20 சதவீதம் குறைத்தது. இந்தியாவும் குறைத்தது. பாகிஸ்தான் அந்த ஜூலையில் 10 சரக்குகளுக்கு டெண்டர் விட்டது, ஒரு விலைப்புள்ளிகூட வரவில்லை, மின்வெட்டுதான் மிச்சம். அந்த வருடத்து அறிக்கைகளில் இதை "தேவை குறைந்தது" என்று ஒரு வரியில் முடித்திருந்தார்கள். தேவை குறையவில்லை, விலை அவர்களை வரிசையிலிருந்து வெளியே தள்ளியது.

தள்ளப்பட்டவர் திரும்பி வருவாரா என்பதுதான் 2030-க்கான உண்மையான கேள்வி. பாகிஸ்தான் 2024-இல் மட்டும் சுமார் 17 கிகாவாட் சோலார் பேனல்களை இறக்குமதி செய்தது. பிறகு ஒப்பந்தப்படி வரவேண்டிய எல்என்ஜியையே தள்ளிவைக்கக் கேட்டது. கூரைமேல் ஏறிய பேனல், எல்என்ஜி மலிவானதும் இறங்கிவிடாது. தென் மற்றும் தென்கிழக்கு ஆசியா மலிவு எரிவாயுவுக்காகக் காத்திருக்கிறது என்று எழுதும் அறிக்கை இதைக் கணக்கில் எடுத்திருக்கிறதா என்று தேடுங்கள். அடிக்குறிப்பில்கூட இல்லாவிட்டால், அந்தப் பகுதியின் வளர்ச்சியில் நான் தாராளமாகவே வெட்டுவேன்.

அடியும் கூரையும்

விலைக்குக் கீழ் எல்லை எது என்று கண்டுபிடிக்க அமெரிக்க ஒப்பந்தத்தின் அமைப்பு உதவும். வழக்கமான வாய்ப்பாடு: ஹென்றி ஹப், அதாவது அமெரிக்க எரிவாயுவின் அடிப்படைச் சந்தை விலை, அதில் 115 சதவீதம், அதோடு ஒரு நிலையான திரவமாக்கும் கட்டணம். உதாரணத்துக்கு ஒரு எம்எம்பிடியுவுக்கு ஹென்றி ஹப் 4 டாலர், கட்டணம் 2.50, ஆசியாவுக்குக் கப்பல் செலவு 2 என்று வைப்போம். வாயு 4.60, மொத்தம் 9.10. ஆசிய விலை 9.10-க்குக் கீழே வந்தால் வாங்கியவருக்கு நஷ்டம். ஆனாலும் ஏற்றுவார், ஏனென்றால் அந்த 2.50 ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும் கட்டவேண்டிய காசு. விலை 6.60-க்குக் கீழே போனால்தான் சரக்கை ரத்து செய்வார். 2020 கோடையில் நூறுக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சரக்குகள் இப்படித்தான் ரத்தாயின. அந்த ஏப்ரலில் ஆசிய ஸ்பாட் (ஒப்பந்தமின்றி உடனடியாக வாங்கும்) விலையான ஜேகேஎம் 2 டாலருக்கும் கீழே கிடந்தது.

கூரைக்கு இவ்வளவு சுத்தமான கணக்கு கிடையாது. அதே ஜேகேஎம் 2022 மார்ச்சில் 80 டாலரைத் தாண்டியது. இரண்டு முனைக்கும் நடுவே இரண்டு வருடம்கூட இல்லை. இதைப் பார்த்தபிறகு யாராவது 2035-இன் சராசரி விலையைத் தசமப் புள்ளியோடு கொடுத்தால் எப்படி நம்புவது? எண்ணெய் விலையோடு இணைத்த நீண்டகால ஒப்பந்தம் வைத்திருப்பவர்களுக்கு வேறு கணக்கு: பிரென்ட் கச்சா எண்ணெய் பேரலுக்கு 70 டாலர், ஸ்லோப், அதாவது எண்ணெய் விலையில் எடுக்கும் பங்கு, 12 சதவீதம் என்றால் எரிவாயு 8.40. உங்கள் ஒப்பந்தம் இந்த வகை என்றால் எரிவாயு முன்னோட்டத்தைவிட எண்ணெய் முன்னோட்டத்தை முதலில் படியுங்கள்.

எழுதியவர் யார்?

ஷெல் ஆண்டுதோறும் ஓர் எல்என்ஜி முன்னோட்டம் வெளியிடுகிறது. 2025 பதிப்பில் 2040-க்குள் தேவை சுமார் 60 சதவீதம் கூடும் என்றது. உலகின் மிகப்பெரிய எல்என்ஜி வியாபாரிகளில் அதுவும் ஒன்று. பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை, அதில் வரும் வணிகத் தரவுகளை நானே எடுத்துப் பயன்படுத்துகிறேன். வளைவின் சாய்வை மட்டும் விற்பவரின் நம்பிக்கையாகப் படிக்கிறேன். சர்வதேச எரிசக்தி முகமையோ எதிர்காலம் எப்படியெல்லாம் போகலாம் என்ற பல காட்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும். "இந்தக் கொள்கைகள் இப்படியே இருந்தால்" என்ற நிபந்தனையைக் கழற்றிவிட்டு எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள்தான் அதிகம்.

எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. அதே நிறுவனம் ஐந்து வருடத்துக்கு முன் வெளியிட்ட பதிப்பை எடுத்து, இந்த வருடத்துக்கு அன்று என்ன சொன்னார்கள் என்று பாருங்கள். எந்த நாட்டில், எந்தப் பக்கம் தவறினார்கள் என்பதைக் குறித்துக்கொண்டால், புதிய பதிப்பில் எங்கே பென்சில் எடுக்கவேண்டும் என்று தெரிந்துவிடும்.

அப்புறம் வரைபடம். 2024 கணக்கில் உலக எல்என்ஜி வணிகத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஹோர்முஸ் நீரிணை வழியாகப் போனது. கத்தாரின் கப்பலுக்குச் சுற்றுவழி கிடையாது. பனாமாவில் வறட்சி, செங்கடலில் தாக்குதல் என்றால் கப்பல் சுற்றிக்கொண்டு போகும், நாள் கூடும், வாடகை ஏறும், ஆனால் சரக்கு வந்துசேரும். ஹோர்முஸ் அப்படியல்ல. ஓர் ஆலை தீப்பிடித்தாலே போதும்: 2022 ஜூனில் டெக்சாஸின் ஃப்ரீபோர்ட்டில் நடந்த விபத்து, ஆண்டுக்கு 1.5 கோடி டன் தரக்கூடிய ஆலையை மாதக்கணக்கில் நிறுத்தியது. ஐரோப்பா அலைந்துகொண்டிருந்த நேரம் அது.

இவ்வளவும் முடித்து நான் மேலே அனுப்புவது ஒரே பக்கம். மூன்று வரிகள். புதிய ஆலைகள் என் தேதியில் வந்தால் விலை எந்த வரம்புக்குள், அப்போது உள்ளே வரப்போகும் வாங்குபவர் யார். ஒரு வருடம் தள்ளினால் எந்த வரம்பு, வெளியே போவது யார். பெரிய தடங்கல் வந்தால் எங்கள் ஆலை எத்தனை டாலரில் உற்பத்தியை நிறுத்தும். மூன்றாவது வரிக்கான எண் எந்த அறிக்கையிலும் இருக்காது, உற்பத்திப் பிரிவைக் கேட்டு வாங்கவேண்டும். அதன்பின் மாதம் ஒருமுறை நான்கு விஷயங்களைப் புதுப்பித்தால் போதும்: ஐரோப்பியக் கிடங்குகளின் நிரப்பளவு, அமெரிக்க ஆலைகளுக்குள் போகும் வாயுவின் அளவு, ஜேகேஎம்முக்கும் ஐரோப்பிய விலைக்கும் உள்ள வித்தியாசம், புதிதாக எடுத்த எஃப்ஐடிகள். ஏதாவது ஒன்று நகர்ந்து என் வரம்பைத் தொட்டால் மட்டும் பக்கத்தைத் திருத்தி மறுபடி அனுப்புவேன்.