உறைவிந்து கண்டெய்னர்: புதிதாக வருபவர்கள் கோட்டைவிடும் இடங்கள்

மாட்டுக்குச் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போடும் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளைக் கூட அழைத்துப் போவது என் வழக்கம். காளையின் உறைவிந்தைத் திரவ நைட்ரஜனில் வைத்திருக்கும் கண்டெய்னரைக் கையாள்வதில் எங்கள் காலத்துக் கோளாறுகளையே அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள். கையுறை, கண்ணாடி பற்றிப் பயிற்சியிலேயே சொல்லிவிடுவதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

கழுத்துக்கு மேலே தூக்குவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும். சமீபத்தில் ஒரு பையன் கேனிஸ்டரை (விந்துக் குச்சிகளோடு கண்டெய்னருக்குள் தொங்கும் குவளை) முழுசாக வெளியே இழுத்து, வெயிலில் பிடித்தபடி, குச்சியில் (விந்து அடைத்த மெல்லிய குழாய்) அச்சடித்த காளை எண்ணைத் தேடிக்கொண்டிருந்தான். மாட்டுக்கார அம்மா, "ஏந்தம்பி, போன தடவை போட்ட அதே காளைதானே?" என்கிறார். அவனும் நிதானமாகப் பதில் சொல்கிறான். வெள்ளைப் புகை வழிந்துகொண்டே இருக்கிறது. ஒன்றை எடுத்துக்கொண்டு மீதியை உள்ளே இறக்கினான்.

எடுத்த குச்சியை எப்படியும் உருக்கத்தான் போகிறான், அது போகட்டும். உள்ளே திரும்பிப் போனவைதான் வீண்.

திரவ நைட்ரஜனின் மைனஸ் 196 டிகிரியில் விந்தணுவுக்குள் எந்த வேதிவினையும் நடப்பதில்லை. அதனால்தான் வருஷக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. சுமார் மைனஸ் 130-ஐத் தாண்டி ஏறினால், கல்லாக நின்ற நீர் மூலக்கூறுகள் அசையத் தொடங்கும். பொடிப்பொடியான பனிப்படிகங்கள் ஒன்றுசேர்ந்து பெரிதாகி, செல்லின் சவ்வைக் கிழிக்கும். கால் மில்லி குச்சி மெல்லியது, வெளிக்காற்றில் சில நொடிகளிலேயே சூடேறிவிடும். மறுபடி முக்கினால் குளிரும், ஆனால் கிழிந்த சவ்வு ஒட்டாது. 1949-இல் இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் மூவரும், உறையும்போது விந்தணுவைக் காக்கும் கிளிசராலின் பயனைக் கண்டதால்தான் நமக்கு இந்தத் தொழிலே இருக்கிறது. இப்படி ஏற்றி இறக்கினால் கிளிசராலும் காப்பாற்றாது.

குச்சியைப் பார்த்தால் எதுவும் தெரியாது என்பதுதான் கொடுமை. 21 நாள் கழித்து மாடு திரும்பவும் கத்தும். தீவனம் சரியில்லை, மாட்டுக்குக் கர்ப்பப்பைக் கோளாறு என்று பழி வேறெங்கோ போகும். எந்தக் காளை எந்தக் கேனிஸ்டரில் என்று மூடியிலேயே எழுதி ஒட்டுங்கள். கேனிஸ்டரின் வாய் கண்டெய்னர் கழுத்துக்குள்ளேயே இருக்கட்டும். டார்ச் அடித்து இடுக்கியால் எடுங்கள். ஐந்தாறு நொடியில் கிடைக்காவிட்டால் இறக்கி, நன்றாகக் குளிரவிட்டு மறுபடி தேடுங்கள். மாட்டுக்காரரிடம் பேச்சு அப்புறம்.

மூடியை இறுக்குவது

வேண்டாம். ஒரு லிட்டர் திரவம் கிட்டத்தட்ட 700 லிட்டர் வாயுவாகும். வெளியேற வழியில்லாவிட்டால் பாத்திரமே வெடிக்கும்.

கண்ணாடி ஏற்றிய காரில் கொண்டுபோவது

நைட்ரஜனுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நமக்கு மூச்சுத் திணறலை உணர்த்துவது உடம்பில் சேரும் கார்பன் டை ஆக்ஸைடுதான். ஆக்ஸிஜன் குறைவது தெரியாது. திணறாமலேயே மயங்கிவிடலாம். ஜன்னலை இறக்கிவிடுங்கள்.

அளவு பார்க்கக் குழாய் விடுவது

உள்ளே துளையுள்ள குழாயை இறக்கினால் திரவம் கொதித்து மேல்முனை வழியாக முகத்தில் பீய்ச்சும். மரக்குச்சியை அடிவரை விட்டு எடுத்து, காற்றில் ஆட்டினால் போதும். வெள்ளை படிந்த உயரம்தான் அளவு.

சட்டைப் பையில் வைத்து உருக்குவது

37 டிகிரி தண்ணீரில் 30 நொடி, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து. மெதுவாக உருகினாலும் அதே படிகத் தொல்லைதான். வெட்டுவதற்கு முன் குச்சியை ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். ஒட்டியிருக்கும் தண்ணீர் பட்டாலும் விந்தணு செத்துவிடும்.

உருக்கியதைத் திரும்ப உறையவைப்பது

தூக்கிப் போடுங்கள்.