மாரியில் கொடுவா: ஜிக் போட்டுப் பழகுபவர்களுக்கு

அமெரிக்காவில் டிசம்பர், ஜனவரியில் பாஸ் மீன் பிடிக்கும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். ஆள் தடித்த ஜக்கெட்டோடு நிற்பார். ஏரிக்கரையில் பனி கிடக்கும். ஜிக் என்கிற ஈயத் தலைத் தூண்டில் முள்ளை அடியில் விட்டு, ஒரு சாண் நகர்த்தி, பிறகு சும்மா நிற்பார். பார்க்கிற நமக்குக் கொட்டாவி வரும். அதற்குக் காரணம் இருக்கிறது. பாஸின் உடம்புச் சூடு தண்ணீரின் சூட்டோடு ஏறி இறங்கும். தண்ணீர் குளிர்ந்தால் அது இரையைத் துரத்தாது, ஆழத்தில் கிடக்கும், மூக்குக்கு முன்னால் விழுந்ததை மட்டும் எடுக்கும்.

நம் மட்டக்களப்புப் பக்கம் பனி இல்லை, மாரி இருக்கிறது. அந்த பாஸ் நம் வாவியில் இல்லை, கொடுவா இருக்கிறது. ஏசியன் சீ பாஸ் என்று சொல்வதும், ஆஸ்திரேலியாக்காரர் பரமண்டி என்பதும் இதைத்தான். பெயரில் பாஸ் ஒட்டிக்கொண்டாலும் இரண்டும் வேறு வேறு குடும்பம். ஆனால் மாரியில் கொடுவாவுக்கும் ஜிக்தான் சரி என்பது என் அனுபவம். காரணம் மட்டும் வேறு.

கார்த்திகை, மார்கழியில் வயல் வெள்ளம் எல்லாம் வாவிக்குள் இறங்கும். ஆற்றுவாய் தானாகத் திறக்கும், இல்லாவிட்டால் ஊருக்குள் தண்ணீர் ஏறுகிறது என்று வெட்டிவிடுவார்கள். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரை விட இலேசு. அதனால் வெள்ளத்தின் வேகம் அடங்கியதும் பாலமீன்மடு முகத்துவாரத்துப் பக்கம் இரண்டு தண்ணீர் இருக்கும்: மேலே பிளேன்டீ நிறத்தில் மழைத் தண்ணீர், அடியில் கடல் தண்ணீர். மேலே மிதக்கிற லூர், அதாவது போலி இரை, அந்தப் பிளேன்டீக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். இறாலும் மணலைக் குஞ்சும் ஒதுங்குகிற அடித்தண்ணீருக்குப் போவது ஜிக்.

நாளும் இடமும்

வெள்ளம் ஏறிக்கொண்டிருக்கும்போது போகாதீர்கள். மீனும் கிடைக்காது, ஆபத்தும் கூட. மழை விட்டு இரண்டு மூன்று நாள் கழித்து, விடியலில் அல்லது மைமல் பொழுதில் போங்கள். நம் கடலில் வற்றுப் பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. அதனால் நிலவைப் பார்ப்பதை விட ஆற்றுவாய் திறந்திருக்கிறதா என்று பார்ப்பது பயன்.

தேட வேண்டியது தண்ணீர் தடைப்படும் இடம். பாலத் தூண்களின் பின்பக்கம், கண்டல் ஓடை வாவியோடு சேரும் வாய், வயல் வாய்க்கால் விழும் மதகு. கலங்கலும் தெளிவும் சந்திக்கும் கோடு கண்ணுக்குத் தெரிந்தால் அதை விடாதீர்கள்.

சாமான்கள்

ஏழடித் தடி, கொஞ்சம் பலமானது. 3000 அல்லது 4000 அளவு ரீல். 20 முதல் 30 இறாத்தல் பிரெய்ட், அதாவது பின்னல் நூல். தங்கூசியையே (ஒற்றை நைலோன் நூல்) முழுக்கச் சுற்றலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். சுற்றலாம், மீனும் படும். ஆனால் தங்கூசி இழுபடும், அடியில் ஜிக் தட்டுவது கைக்கு வராது. இந்த முறையில் அந்தத் தட்டுதான் எல்லாம்.

பிரெய்ட்டின் நுனியில் 40 அல்லது 50 இறாத்தல் தங்கூசி இரண்டு முழம் கட்டுங்கள். இது கட்டாயம். கொடுவாவின் வாய் அரம் போல, மெல்லிய நூலைத் தேய்த்தே அறுத்துவிடும். இரண்டு நூலையும் சேர்க்க இரட்டை யூனி முடிச்சுப் போதும். ஐந்தாறு சுற்று, இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனையுங்கள். காய்ந்த நூலை இறுக்கினால் சூடேறிப் பலம் போய்விடும்.

ஜிக் என்பது முள்ளோடு சேர்த்து வார்த்த ஈயத் தலை. அதில் நான்கு அங்குல றப்பர் மீனைக் கோர்க்க வேண்டும். தொடங்குகிறவர்கள் 10 கிராம் வாங்குங்கள். ஓட்டமில்லாத ஓடைக்கு 7, பாலத்தடிக்கு 14. முள்ளின் அளவு எண் 4/0 அல்லது 5/0, தடித்த கம்பி. ஒருமுறை மலிவாக ஒரு பைக்கட் வாங்கினேன். முதல் நல்ல மீனிலேயே முள் நிமிர்ந்து தையல் ஊசி மாதிரி வந்தது. அந்தப் பைக்கட் இன்னும் வீட்டில் இருக்கிறது, படம் மாட்டத்தான் உதவுகிறது.

நிறத்துக்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். என்னிடம் இரண்டுதான்: கலங்கலுக்குக் கறுப்பு, தெளிவுக்கு வெள்ளை. கலங்கலில் நிறத்தை விட வால் முக்கியம். துடுப்பு மாதிரி அகன்ற வால் அடிக்கிற அதிர்வை மீன் உடம்பால் உணர்ந்து வரும்.

கோர்ப்பதில் அவசரப்படாதீர்கள். முள்ளை றப்பர் மீனின் பக்கத்தில் வைத்து, முள் எங்கே வெளியே வரவேண்டும் என்று நகத்தால் ஒரு குறி போடுங்கள். மூக்கின் நடுவால் ஏற்றி, அந்தக் குறியால் முதுகுப் பக்கம் எடுங்கள். மீன் நேராக இருக்க வேண்டும். வளைந்திருந்தால் தண்ணீருக்குள் பம்பரம் சுற்றும், நூலும் முறுக்கேறும்.

அமெரிக்க பாஸ் ஜிக்கில் றப்பர் நாரால் ஒரு குஞ்சமும், வேரில் கொளுவாமல் இருக்க முள்ளுக்கு முன் ஒரு தூரிகையும் இருக்கும். கண்டல் வேர்களுக்குள் போட அது நல்லது. நான் உரப்பையில் நார் உருவிக் குஞ்சம் கட்டியிருக்கிறேன். அழகாக இல்லை, ஆனால் மீன் எடுத்தது.

போடுவது

என் முதல் மாரியில் இரண்டு வாரம் வெறுங்கையோடு திரும்பினேன். போட்டதும் சுற்றுவேன், வந்ததும் திரும்பப் போடுவேன். தோணியில் வீச்சுவலையோடு போன வயதானவர் ஒருவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சுத்தாத மனே, விழ உடு.” நான் கற்றதில் பாதி அந்த மூன்று நான்கு சொல்தான். கொடுவா ஜிக்கைப் பெரும்பாலும் எடுப்பது அது விழும்போது.

சரி, எப்படி விழவிடுவது? ஓட்டத்துக்குக் கொஞ்சம் மேலே எறியுங்கள். ஜிக் தண்ணீரில் பட்டதும் ரீலின் கம்பியைக் கையால் மூடி, எண்ணத் தொடங்குங்கள். ஒன்று, இரண்டு, மூன்று... நூல் சட்டென்று தொய்ந்தால் அடி தொட்டுவிட்டது. எத்தனை எண்ணினீர்கள் என்பதை நினைவில் வையுங்கள். பிறகு தடி நுனியை இடுப்பு உயரத்திலிருந்து தலை உயரத்துக்கு மெல்லத் தூக்கி, திரும்பக் கீழே கொண்டுவாருங்கள். ஜிக் இறங்குகிற வேகத்துக்கே தடியும் இறங்க வேண்டும். மிஞ்சிய நூலை மட்டும் சுற்றுங்கள். அடியில் தட்டியதும் ஐந்து எண்ணும்வரை அப்படியே விடுங்கள். குளிர்காற்று அடித்து, மழை விடாமல் பெய்த நாளென்றால் பத்து எண்ணுங்கள். அந்த ஜக்கெட் போட்ட அமெரிக்காக்காரரின் பொறுமை இங்கேதான் உதவும்.

நூலை இறுக்கிப் பிடித்தால் ஜிக் நேரே விழாது, ஊஞ்சல் போல உங்கள் பக்கம் வந்துவிடும். முழுக்கத் தொய்யவிட்டால் மீன் எடுத்துத் துப்பியது கூடத் தெரியாது. இரண்டுக்கும் நடுவே, லேசான வளைவோடு நூல் நிற்க வேண்டும். இது சொல்லி வராது, கை பழக வேண்டும்.

கல்லடிப் பாலத்தடியில் நிலவு நாளில் மீன் பாடுவதை எப்படிக் கேட்பார்கள்? துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையைக் காதில் வைப்பார்கள். உங்கள் தடியும் அந்தத் துடுப்புத்தான், காதுக்குப் பதில் ஆட்காட்டி விரல். நூலை விரலில் தொட்டபடி வையுங்கள். மணல் என்றால் ‘டக்’ என்று தெளிவாக வரும். சேறு என்றால் சத்தமே இல்லை, தூக்கும்போது பசையிலிருந்து பிடுங்குவது போல இருக்கும். கல்லும் சிப்பியும் கிறுகிறுக்கும். வேர் இழுபட்டு, இழுபட்டு, பிறகு விடும்.

மீன் இவை எதைப் போலவும் இராது. யாரோ நூலை விரலால் சுண்டியது போல ஒரே ஒரு தட்டு. அல்லது ஏழு எண்ணித் தொட வேண்டிய ஜிக் நான்கிலேயே நின்றுவிடும். இந்த இரண்டாவதைத்தான் புதியவர்கள் தவறவிடுவார்கள். நான்கில் நின்றால் அது அடி இல்லை, வாய். யோசிக்காமல் தடியைப் பக்கவாட்டில் ஒருமுறை பலமாக இழுத்துச் சுற்றுங்கள்.

பட்ட பிறகு

கொடுவா பாயும். தண்ணீருக்கு மேலே வந்து தலையை உதறும், ஜிக்கின் ஈயப் பாரமே முள்ளைக் கழற்றிவிடும். நூல் மேலே ஏறுவதைக் கண்டதும் தடி நுனியைத் தண்ணீருக்குக் கிட்டே தாழ்த்துங்கள். தூண் பக்கம் ஓடினால் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கரைக்கு வந்ததும் செவுளுக்குள் விரல் விடவே வேண்டாம். செவுள் மூடியின் ஓரம் சவர அலகு. என் இடது கைப் பெருவிரலில் இன்னும் அடையாளம் இருக்கிறது, மூன்று தையல். வலையில் எடுங்கள், அல்லது ஈரத்துணி சுற்றிக் கீழ்த்தாடையைப் பிடியுங்கள்.

இன்னொன்று. கண்டல் ஓரத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று போடாதீர்கள். வாவியில் முதலை உண்டு, வெள்ள நாளில் எங்கே கிடக்கும் என்று சொல்ல முடியாது. இடி கேட்டால் தடியைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்குங்கள், கார்பன் தடி மின்னலுக்கு நல்ல கம்பி.

எதை வீட்டுக்குக் கொண்டுபோவது? கொடுவா பெரும்பாலும் ஆணாகவே வளர்ந்து, சில வருடம் போனபின் பெண்ணாக மாறும். ஆகவே மிகப் பெரியவை பெரும்பாலும் முட்டை போடும் பெண் மீன்கள், முழ நீளம் கூட இல்லாதவை இன்னும் ஒருமுறையும் இனம் பெருக்காதவை. இரண்டையும் நான் விட்டுவிடுவேன். இரண்டு, இரண்டரைக் கிலோ மீன் ஒரு வீட்டுக்குப் போதும். தலையைப் புளியாணத்துக்கு எடுத்து வையுங்கள்.