அட்டையில் 18 என்றிருந்தால்

கல்யாணத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து காரைக்குடி வரும் உறவுப் பிள்ளைகள் வீடியோ கேம் டிஸ்க்கும் கொண்டுவருகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளை “ஆத்தா, நானும் விளையாடுகிறேன்” என்று கெஞ்சினால், முதலில் அட்டையைப் பாருங்கள். சிங்கப்பூரின் வயது முத்திரையில் ‘எம்18’, ஐரோப்பிய வயது முத்திரையான ‘பெகி’யில் 18, அமெரிக்க முத்திரையில் ‘எம்’ (17 வயதும் அதற்கு மேலும்) என்றிருந்தால் அது பெரியவர்களுக்கானது. ஆட்டம் கடினமா, எளிதா என்பதை அந்த எண் சொல்வதில்லை. சொல்கிறது என்றுதான் பலரும் தவறாக நினைக்கிறார்கள். வன்முறையா, ஆபாசமா, சூதாட்டமா என்ற காரணம் பெரும்பாலும் பின்அட்டையில் இருக்கும்.

அதன் பிறகும் தயக்கமா? யாராவது அந்த ஆட்டத்தை ஆடும் வீடியோவை யூடியூபில் பத்து நிமிடம் பாருங்கள். விளம்பர முன்னோட்டம் போதாது, அது விற்பதற்காக வெட்டி ஒட்டியது. எதிரியைச் சித்திரவதை செய்தால்தான் அடுத்த கட்டம் என்று வந்தால், பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு நான் மறுத்துவிடுவேன். உறவினர் முகம் வாடினாலும் சரி.

விளையாட்டுக்கான டிவியை மாடி அறையில் வைக்காதீர்கள். அப்பத்தா நடமாடும் பட்டாலையில், அதாவது கூடத்தில், வையுங்கள். செல்போனில் பிளே ஸ்டோர் அமைப்புகளுக்குள் பெற்றோர் கட்டுப்பாட்டை இயக்கி, ரகசிய எண் போடுங்கள். ஏற்கெனவே இறக்கிய விளையாட்டுகளை அது நீக்காது. அவற்றை நீங்களே நீக்க வேண்டும்.