ஐந்து மணிக்கு எழும்பத் தேவையில்லை: தினமும் எழுதப் பழகும் முறை

விடியற்காலை ஐந்து மணிக்கு எழும்பி எழுதினால்தான் எழுத்து வரும் என்று யாரோ சொன்னதை நம்பி, ஒரு ஜூலை மாதம் நானும் அலாரம் வைத்தேன். மலையகத்தில் ஹட்டன் பக்கத்து ஜூலையைத் தெரிந்தவர்கள் இப்போதே சிரித்திருப்பீர்கள். கூரைத் தகரத்தில் விடாத மழை, விரல் விறைத்துப்போய்ப் பேனை பிடிபடவில்லை. போதாததற்கு, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அதுதான் பரபரப்பான நேரம். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகிறவர்கள் ரொட்டி தட்டுவார்கள், பிள்ளைகள் சப்பாத்தைத் தேடிக் கத்துவார்கள். நாலாம் நாள் அலாரத்தை அமத்திவிட்டுப் போர்த்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு தட்டுத் தடுமாறி எனக்குப் பிடிபட்ட வழி இது.

படி 1: ஒரு வாரம் எழுதாதீர்கள்

80 பக்கக் கொப்பி ஒன்று வாங்கிக் கடைசிப் பக்கத்தில் உங்கள் நாளைக் குறியுங்கள். எந்தெந்த நேரம் பத்து நிமிடம் சும்மா கிடைக்கிறது, அப்போது எங்கே இருக்கிறீர்கள், பக்கத்தில் யார்? அவ்வளவு போதும். எனக்குக் கிடைத்தவை மூன்று: வேலைக்குப் போகும் பஸ், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, பின்னேரம் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கும் நேரம்.

படி 2: ஒவ்வொன்றையும் ஐந்து நாள் சோதியுங்கள்

பஸ்ஸைத்தான் பெரிதாக நம்பியிருந்தேன். கொட்டகலை தாண்டி டெவன் நீர்வீழ்ச்சிப் பக்கத்து வளைவுகள் வந்ததும் எழுத்தெல்லாம் மண்புழு மாதிரி நெளிந்தது. சரி, போனில் எழுதுவோம் என்றால், பக்கத்து சீட் அக்கா எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, யாருக்கு பெட்டிசம்?" என்றார். அதோடு பஸ் முடிந்தது. மத்தியானம் தூக்கம்தான் வந்தது. மிஞ்சியது தேத்தண்ணி நேரம்.

சோதிக்கும்போது எழுத்து நன்றாக வந்ததா என்று பார்க்காதீர்கள். மறுநாளும் உட்கார மனம் வந்ததா என்று மட்டும் பாருங்கள்.

படி 3: மணிக்கூட்டை விடுங்கள், ஒரு வேலையோடு கட்டுங்கள்

"ஐந்தரை மணிக்கு எழுதுவேன்" என்பது பஸ் பிந்தினால் உடைந்துவிடும். "கேத்தலை அடுப்பில் வைத்ததும் கொப்பியைத் திறப்பேன்" என்பது எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தாலும் நடக்கும். (நம் உயரத்தில் தண்ணீர் சுமார் 96 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. கொழும்புக்காரருக்கு எழுத என்னைவிடக் கொஞ்ச நேரம் கூடக் கிடைக்கும் என்று எனக்கொரு பொறாமை.)

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்பார்கள். நம்பாதீர்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2009இல் வெளியிட்டார்கள். அவர்கள் எழுத்தைப் பழகவில்லை. சாப்பாடு, குடிப்பு, உடற்பயிற்சி என்று ஏதாவது ஒன்றை அன்றாட வேலை ஒன்றோடு கட்டிச் செய்தார்கள். அது தானாக வரச் சராசரியாக 66 நாள் எடுத்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். இடையில் ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை.

படி 4: அளவைக் குறையுங்கள்

ஆங்கில நாவலாசிரியர் அந்தோனி டிரொலப் தபால் இலாகாவில் வேலை பார்த்தவர். கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணித்தியாலத்துக்கு 250 சொல் எழுதினார். விடியற்காலை கோப்பி கொடுத்து எழுப்பச் சம்பளத்துக்கு ஆளும் வைத்திருந்தார்! நமக்கு ஐந்து வரி போதும்.

அம்மா கொழுந்தெடுத்த காலத்தில் கிலோ குறைந்தால் அரைப் பேர்தான். நாள் முழுக்க அட்டைக் கடியோடு மலையில் நின்றிருப்பார், செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் பாதி நாள்தான் விழும். அந்தக் கணக்கைக் கொப்பிக்குள்ளும் கொண்டுவர எனக்கு மனமில்லை. "இன்றைக்கு ஒன்றும் வரவில்லை" என்று ஒரே வரி எழுதினாலும் அன்றைக்கு முழுப் பேர்.

தவறிய நாளுக்குச் சேர்த்து மறுநாள் பத்து வரி எழுதவும் வேண்டாம். அது கடனாகிவிடும், அப்புறம் கொப்பியைப் பார்த்தாலே ஒளியத் தோன்றும்.

படி 5: கண்ணுக்கு முன்னால் இருப்பதை எழுதுங்கள்

"வாழ்க்கை என்பது" என்று தொடங்கினால் இரண்டாம் வரியில் நின்றுவிடும். அன்று பார்த்த ஒரு பொருளை எடுங்கள். என் கொப்பியிலிருந்து: "பீலியடியில் நீல வாளி. கைபிடி உடைந்து கம்பி கட்டியிருக்கு. கம்பி கையை அறுக்காமல் இருக்க அதில் பழைய சீலைத்துண்டு. சீலை யாருடையது என்று தெரியும்." இதை எழுதும்போது கதை எழுதும் எண்ணமே இல்லை. மூன்று நாள் கழித்து அந்தச் சீலைக்காரியைப் பற்றி இரண்டு பக்கம் வந்தது.

இரண்டு சில்லறை விஷயம். மழைக் காலத்தில் தாள் நமுத்துப்போகும், ஜெல் பேனை ஊறும். சாதாரண போல்பொயின்ட் பேனையே நல்லது, கொப்பியைப் பொலித்தீன் பையில் வையுங்கள். மற்றது, என்னைப் போல அடுப்படியில் எழுதுபவராக இருந்தால் விசிலடிக்கும் கேத்தலாகப் பார்த்து வாங்குங்கள். சீலைக்காரியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்ததில் நான் ஒரு கேத்தலைக் கருக்கினேன். அம்மா இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்.